காந்தன் என்ன செய்வான்?

அத்தியாயம் பதினேழு

மகன் வாசு போன பிறகு அந்த வீட்டில் மற்ற நாட்களை எப்படியோ தள்ளிவிட முடிந்தது. இராஜம்மாவுக்குப் பள்ளிக்கூடக் கேண்டீன் வேலை இருந்தது. அவள் கணவர் பக்கிரிசாமிக்குச் செந்தூல் ரயில்வே பட்டறை இருந்தது. மகள் ரமணிக்கு மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் துணிக்கடை வேலை இருந்தது. சனிக்கிழமை பிற்பகல்தான் யாராலும் தாண்ட முடியாததாக நின்றது.

இருந்தவரை வாசுவின் சனிக்கிழமைகள் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இருந்த அந்த ரயில்வே குவார்ட்டர்ஸின் கூடத்துத் தரையில்தான் கழிந்தன. பள்ளி நாளிலிருந்தே ஒட்டிக்கொண்டு திரிந்த ராதாகிருஷ்ணனும் பாலனும் வந்துவிடுவார்கள். தரையில் பெரிய மணிலா அட்டை விரியும். பகடைக்காயான டைஸ் உருளும். இருபத்து மூன்று வயதுப் பையன்கள் சின்னப் பிள்ளைகளைப் போலக் கத்துவார்கள். இராஜம்மா அவர்களுடைய நீட்டிய கால்களைத் தாண்டித் தாண்டித் தேநீர் கொண்டு வைப்பாள்.

"ஒரு நாள் உக்காந்து பாரும்மா, உனக்கும் புடிக்கும்" என்று வாசு எத்தனையோ முறை கூப்பிட்டிருக்கிறான்.

"எனக்கு அடுப்புல வேலை இருக்கு. சூதாடறதுக்கு ஆள் நான் இல்ல."

"சூது இல்லம்மா. கதை."

மூன்று மாதங்களுக்கு முன் பெடரல் ஹைவேயில், பத்து தீகா என்ற ஊர் அருகே, மழை பிடித்துக்கொண்ட ஒரு மாலையில் அந்தக் கதை நின்றுபோனது. கிள்ளானில் பாலன் வீட்டிலிருந்து திரும்பும்போது வாசுவின் மோட்டர் சைக்கிளைப் பாலன் ஓட்டினான். வாசு பின்னால் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் வந்த லோரியில் மோதி இருவரும் விழுந்தார்கள். வாசு எழவில்லை. பாலன் கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தான். லோரி ஓட்டி வந்த காப்பார் ஊர்க்காரன் கன்னையாமேல் வழக்குப் போட்டார்கள். வருகிற திங்கட்கிழமை அது கோர்ட்டுக்கு வருகிறது.

இராஜம்மா கன்னையாவின் முகத்தைப் பார்த்ததில்லை. அதனால் அவள் கோபமெல்லாம் தெரிந்த முகத்தின் மீதே போய் நின்றது. மோட்டர் ஓட்டியவன் பாலன். தன் கையால் எத்தனையோ நாள் சோறு போட்ட பிள்ளை. அவன் இருக்கிறான், தன் பிள்ளை இல்லை. இந்த ஒரு கணக்கை அவளால் எப்படிப் போட்டும் நேர்செய்ய முடியவில்லை.

ராதாகிருஷ்ணன்தான் போன் செய்து இந்தச் சனிக்கிழமை வரலாமா என்று கேட்டான். "வரட்டும்" என்றாள் இராஜம்மா. "நான் இருக்க மாட்டேன்" என்றார் பக்கிரிசாமி. சொன்னபடியே, சாப்பிட்டுக் கை கழுவியதும் சட்டையை மாட்டிக்கொண்டு கோயில் பக்கம் போய்விட்டார். ரமணி கடையில் சொல்லிவிட்டு மதியமே வந்திருந்தாள்.

வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. ராதாகிருஷ்ணன் நின்றிருந்தான். கக்கத்தில் அந்த மணிலா அட்டைச் சுருள். அவனுக்குப் பின்னால், படியில் ஒரு காலும் தரையில் ஒரு ஊன்றுகோலுமாகப் பாலன் நின்றிருந்தான்.

"வா ராதா" என்றாள் இராஜம்மா.

மற்றவனை அவள் வா என்று சொல்லவில்லை. பாலனும் உள்ளே வரவில்லை. செருப்பு வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில், சுவரில் சாய்ந்துகொண்டு நின்றான்.

ராதாகிருஷ்ணன் உட்கார்ந்தான். ஒரு பேங்கில் வேலை பார்க்கிறவன். பேச்சு சரளமாக வரும். அன்றைக்கு வார்த்தை தேடினான்.

"ஆன்டி, எனக்கு ஜொகூருக்கு டிரான்ஸ்பர் வந்திருக்கு. அடுத்த மாசம் போயிடுவேன். அதுக்குள்ள... நாங்க ஆடிக்கிட்டு இருந்த கேம் பாதியில நிக்குது. சும்மா தூக்கிப் போட மனசு வரல."

"அதுக்கு?"

"வாசுவோட ஆள் அதுல இருக்கான். காந்தன்னு பேரு. அவன என்ன பண்றதுன்னு நாங்களா முடிவு பண்ணக் கூடாதுன்னு பட்டுச்சு. அதான் உங்ககிட்ட கேக்க வந்தோம்."

இராஜம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை. ரமணி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"இந்த விளையாட்டுல ஒவ்வொருத்தரும் ஒரு ஹீரோவ உண்டாக்கிக்குவாங்கம்மா. வில்லன் கூட சண்டை போடறது, ஜனங்கள காப்பாத்தறது, அந்த மாதிரி. ராதா கதைய நடத்துவாரு. இவங்க அதுக்குள்ள வாழ்வாங்க. அண்ணனோட ஹீரோதான் காந்தன்."

"அந்தக் காந்தன் இப்ப எங்க இருக்கான்?"

"போர்ட் கிள்ளான்ல, ஒரு குடோன் கூரை மேல நிக்கறான் ஆன்டி."

"சாகலையா?"

"இல்ல ஆன்டி. அங்க உயிரோடதான் இருக்கான்."

இராஜம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்தாள்.

"விரி அத. எப்படி ஆடறதுன்னு எனக்குச் சொல்லிக் குடு."

அட்டை விரிந்தது. வாசு ஒரு கட்டடக் கம்பெனியில் வரைபடம் போட்டுக்கொண்டிருந்தவன். அந்தக் கைதான் இதையும் வரைந்திருந்தது. கோலாலம்பூர் முதல் போர்ட் கிள்ளான் வரை அதில் இருந்தது. ரயில் தண்டவாளம், கிள்ளான் ஆறு, துறைமுகத்துக் கிரேன்கள், எல்லாம் மெல்லிய பென்சில் கோடுகளில். ஒரு மூலையில் பிரிக்பீல்ட்ஸ். அங்கே சின்னதாகத் தங்கள் குவார்ட்டர்ஸ் வரிசையும் இருந்தது. இராஜம்மா அதன்மேல் விரலை வைத்தாள். கோடு கலைந்துவிடுமோ என்று உடனே எடுத்துக்கொண்டாள்.

ராதாகிருஷ்ணன் ஒரு தாளை அவள் முன்னால் வைத்தான். அதில் பெட்டி பெட்டியாக எண்கள்.

"இதுதான் காந்தன். இரும்ப இழுக்கிற சக்தி அவனுக்கு. ரயில் பட்டறையில வேலை செய்றப்ப மின்னல் அடிச்சு அந்தச் சக்தி வந்துச்சு."

"நம்ப அப்பா பட்டறைதாம்மா அது" என்றாள் ரமணி.

"நீங்க என்ன செய்யணும்னு நினைக்கிறீங்களோ அத சொல்லுங்க ஆன்டி. சுலபமான காரியம்னா நடந்துடும். கஷ்டமானதுன்னா இந்த மூணு டைஸையும் போடணும். கூட்டிப் பாத்து, தாள்ல இருக்கிற நம்பரோ அதுக்குக் கீழேயோ வந்தா நினைச்சது நடக்கும். மேல போனா நடக்காது."

"யாரு ஜெயிக்கிறது?"

"இதுல ஜெயிக்கிறது தோக்கிறது இல்ல ஆன்டி. கதை எங்க போகுதோ அங்க போறதுதான்."

சரி, ஒரு முறை போட்டுப் பாருங்கள் என்று அவளைப் பழக்கினான். கூரை மேல் ஒரு இரும்புப் பீப்பாய் உருண்டு வருகிறது, என்ன செய்வீர்கள் என்று கேட்டான்.

"ஒதுங்கிக்கச் சொல்லு அவன."

"அவன்னு சொல்லக் கூடாது ஆன்டி. நீங்கதான் காந்தன். நான் ஒதுங்கறேன், நான் புடிக்கறேன்னு சொல்லணும்."

நான். இராஜம்மாவின் உதடு அசைந்தது, ஒலி வரவில்லை. மகன் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து, மகன் செய்திருக்க வேண்டியதைத் தன் வாயால் நான் என்று சொல்ல வேண்டும். ஈமக்கடனில்கூட அவளிடம் இவ்வளவு பெரிய காரியத்தை யாரும் கேட்கவில்லை.

"நான் புடிக்கறேன்" என்றாள் கடைசியில், மெதுவாக.

டைஸைப் போட்டாள். ஏழு. காந்தனின் எண் பதின்மூன்று. பீப்பாய் அந்தரத்தில் நின்றது என்றான் ராதாகிருஷ்ணன். இராஜம்மா தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

"இனி நெஜமான ஆட்டம் ஆன்டி. இப்ப என்ன செய்றீங்க?"

இதற்கு அவள் யோசிக்கவே இல்லை.

"வீட்டுக்குப் போறேன்."

"வீட்டுக்கா?"

"ஆமா. அந்த உயரத்துல எதுக்கு நிக்கணும்? எறங்கி வீட்டுக்குப் போறேன்."

ரமணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ராதாகிருஷ்ணன் ஒரு கணம் தாளைப் பார்த்தான், மறுக்கவில்லை. காந்தன் கூரையிலிருந்து இறங்கினான் என்றான். மினி பஸ் பிடித்தான். பிரிக்பீல்ட்ஸில் இறங்கினான். வீட்டுக் கதவைத் திறந்தான்.

"வீட்டுல யாரு இருக்கா?"

"யாரும் இல்ல ஆன்டி. காந்தனுக்கு அப்பா அம்மா இல்ல. வாசு அப்படித்தான் எழுதியிருக்கான்."

இராஜம்மா தலைநிமிர்ந்தாள். ராதாகிருஷ்ணன் பதறிப்போய்ச் சொன்னான்: "எல்லா ஹீரோவும் அப்படித்தான் ஆன்டி. பாலனோட ஆளுக்கும் கிடையாது. அப்பா அம்மா இருந்தா வெளிய விடமாட்டாங்கல்ல? அதுக்குத்தான்."

"நான் விட்டேனே" என்றாள் இராஜம்மா. "நான் விடாமலா அவன் போனான்?"

"அம்மா இருக்கான்னு எழுது."

ராதாகிருஷ்ணன் பென்சிலை எடுத்து எழுதினான். எழுதியதைத் திருப்பி அவளுக்குக் காட்டினான்.

அதன்பிறகு ஆட்டம் நெடுநேரம் அந்த வீட்டுக்குள்ளேயே நடந்தது. காந்தன் குளித்தான். ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டான். சோறு சாப்பிட்டான். என்ன குழம்பு என்று ராதாகிருஷ்ணன் கேட்டான். நெத்திலிக் கருவாடும் கத்திரிக்காயும் என்றாள். காந்தன் படுத்துத் தூங்கினான். ஒவ்வொன்றுக்கும் இராஜம்மா "நான்" என்றே சொன்னாள். இப்போது அந்தச் சொல் தடையில்லாமல் வந்தது. நான் சாப்பிடறேன். நான் படுத்துக்கறேன். நான் எங்கயும் போகல.

ராதாகிருஷ்ணன் தயங்கித் தயங்கித்தான் அதைச் சொன்னான்.

"ஆன்டி, துறைமுகத்துல கழுகு இன்னும் தொங்கிக்கிட்டு இருக்கான்."

"அது யாரு?"

"பாலனோட ஆள். பறக்கிறவன். வில்லன் அவனோட ரெக்கைய முறிச்சிட்டான். கிரேன் கம்பியப் புடிச்சுக்கிட்டுத் தொங்கறான். அத விட்டா கீழ காங்கிரீட். காந்தன் கூரை மேல ஏறினதே அவன இழுக்கத்தான். போன தடவ அந்த எடத்துலதான் நிறுத்தினோம். அடுத்தது வாசு ஆடணும்."

இராஜம்மா வாசல் பக்கம் பார்க்காமலே சொன்னாள்: "எனக்கு எதுவும் கேக்கல. நான் தூங்கறேன்."

"ஆன்டி..."

"விடு ராதா." பேசியது பாலன். அங்கே வந்ததிலிருந்து அவன் வாயைத் திறந்தது அதுதான் முதல் தடவை. "ஆன்டி சொல்றபடியே இருக்கட்டும். டைஸ்லாம் வேணாம்லா. என் ஆள் விழுந்துட்டான்னு எழுதிடு."

அவன் குரலில் கோபமோ வருத்தமோ இல்லை. எதிர்பார்த்து வந்தது கிடைத்துவிட்ட குரல். அதுதான் இராஜம்மாவைத் திரும்பிப் பார்க்க வைத்தது. மூன்று மாதத்தில் பையன் பாதியாகியிருந்தான். கழுத்தெலும்பு சட்டைக்கு வெளியே தெரிந்தது.

"உள்ள வந்து உக்காரு" என்றாள்.

ரமணி எழுந்துபோய் அவனைத் தாங்கி அழைத்து வந்தாள். தரையில் உட்கார முடியாமல் அவன் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து, காலை நீட்டி வைத்துக்கொண்டான்.

"காந்தன் உன் ஆள எப்படிக் காப்பாத்தறதா இருந்துச்சு? வாசு உங்கிட்டச் சொன்னானா?"

சாதாரணமாகத்தான் கேட்டாள். பாலன் இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான்.

"சொன்னான் ஆன்டி. கிள்ளான்லேர்ந்து வழி முழுக்க அதையேதான் சொல்லிக்கிட்டு வந்தான். அடுத்த வாரம் பாருடா, ஒன்ன எப்படிக் காப்பாத்தறேன்னு, ராதாவே அசந்துபோயிடுவான்னு சொல்லிச் சிரிச்சுக்கிட்டே வந்தான். மழை புடிச்சிடுச்சு. காத்து வேற. அவன் கத்திச் சொல்றான், எனக்கு ஹெல்மெட்டுக்குள்ள ஒண்ணும் கேக்கல. என்னடா சொல்றேன்னு..."

நின்றுவிட்டான்.

"சொல்லு."

"என்னடா சொல்றேன்னு திரும்பினேன் ஆன்டி. தலைய மட்டுந்தான் திருப்பினேன். மோட்டர் சாஞ்சு லோரி பக்கம் போயிடுச்சு. லோரி அதோட வழியிலதான் போய்க்கிட்டு இருந்துச்சு. நாந்தான் போய் இடிச்சேன்."

ரமணி "ஐயோ" என்றாள், தனக்குள்ளேயே.

"அவன் என்ன சொன்னான்னு கடைசி வரைக்கும் எனக்குக் கேக்கல ஆன்டி. ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு அதையேதான் யோசிச்சேன். என்ன சொல்லியிருப்பான், என்ன சொல்லியிருப்பான்னு. இன்னும் தெரியல."

இராஜம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். இவ்வளவு நாளும் மகனின் கடைசி நிமிடத்தை அவள் அலறலாகவே நினைத்து வைத்திருந்தாள். பயந்திருப்பான், அம்மா என்று கூப்பிட்டிருப்பான் என்று இரவெல்லாம் தன்னைத்தானே அறுத்துக்கொண்டிருந்தாள். அவன் சிரித்துக்கொண்டு வந்திருக்கிறான். சிநேகிதனை எப்படிக் காப்பாற்றுவது என்று கதை சொல்லிக்கொண்டு வந்திருக்கிறான். அது ஆறுதலா, இன்னும் பெரிய கொடுமையா என்று அவளுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. கண்ணீர் மட்டும் தானாக வழிந்து மோவாயில் சொட்டியது.

அதைத் துடைக்காமலே அட்டையைப் பார்த்தாள்.

"ராதா, தூங்கினவன எழுப்பலாமா?"

"எழுப்பலாம் ஆன்டி."

"எழுந்து போறேன். அந்தக் கூரைக்கே திரும்பப் போறேன். கம்பி இரும்புதானே? அந்தக் கம்பியோட சேத்து இவன என் பக்கம் இழுக்கறேன்."

ராதாகிருஷ்ணன் முகம் மலர்ந்தது. "நல்ல யோசனை ஆன்டி. பதிமூணுக்குள்ள வரணும். அனேகமா வந்துடும்."

அவள் மூன்று டைஸையும் கைக்குள் மூடிக்கொண்டாள். கண்ணை மூடி யாரையோ வேண்டிக்கொண்டாள். போட்டாள்.

ஐந்து. ஐந்து. ஆறு.

கூட்டினால் பதினாறு. ராதாகிருஷ்ணன் அவசரமாகக் கையை நீட்டினான்.

"இந்த டைஸ் அட்டை மடிப்புல சாஞ்சு நிக்குது ஆன்டி. செல்லாது. இன்னொரு தடவ போடுங்க."

இராஜம்மா அவன் கையைத் தடுத்தாள். குனிந்து பார்த்தாள்.

"நேராத்தான் நிக்குது."

"பரவால்ல ஆன்டி, நாங்க சில நேரம்..."

"வாசு இருந்தா மறுபடி போட விடுவானா?"

ராதாகிருஷ்ணன் தலைகுனிந்தான். "விடமாட்டான்."

"அப்ப என்ன ஆச்சுன்னு சொல்லு."

அவன் சொன்னான். காந்தன் கையை நீட்டினான். கம்பி அவன் பக்கம் வளைந்தது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று வந்தது. பாதி வழியில் அறுந்தது. கழுகு விழுந்தான்.

"நான் இழுத்தேன்" என்றாள் இராஜம்மா. "மனசாரத்தான் இழுத்தேன். வரல."

"தெரியும் ஆன்டி" என்றான் பாலன். அவனும் அழுதுகொண்டிருந்தான். "நீங்க இழுத்தீங்க. நான் பாத்தேன்."

அவள் அவன் காலருகில் நகர்ந்து உட்கார்ந்து, கட்டுப் போட்ட முழங்காலில் கை வைத்தாள். இருவரும் அப்படியே இருந்தார்கள். மூன்று மாதமாக இந்த வீட்டார் ஆளுக்கொரு மூலையில் தனித்தனியாகத்தான் அழுதிருக்கிறார்கள். ஒருவர் அழுவதை இன்னொருவர் உட்கார்ந்து பார்ப்பது அன்றுதான் முதல் தடவை.

வாசலில் நிழல் விழுந்தது.

பக்கிரிசாமி நின்றிருந்தார். வந்து எவ்வளவு நேரமாயிற்றோ தெரியவில்லை. செருப்பைக்கூடக் கழற்றவில்லை. பாலன் பதறி எழ முயன்றான். ஊன்றுகோல் வழுக்கித் தரையில் விழுந்தது.

"உக்காரு" என்றார் பக்கிரிசாமி. சத்தம் போடவில்லை. அவர் சத்தம் போட்டிருந்தால்கூட இராஜம்மாவுக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது. "நீ திரும்பினேன்னு சொன்னியே. அத போலீஸ் ஸ்டேஷன்ல சொன்னியா?"

"இல்ல அங்கிள்."

"என்ன சொன்னே?"

"லோரி எங்க பக்கம் ஒதுங்கி வந்துச்சுன்னு சொன்னேன். அப்ப பயமா இருந்துச்சு அங்கிள். அப்புறம் மாத்திச் சொல்லத் தெரியல."

பக்கிரிசாமி கதவு நிலையில் கையூன்றிக்கொண்டார்.

"கோயில் வாசல்ல ஒரு பொம்பள எனக்காகக் காத்துக்கிட்டு இருந்துச்சு. அந்த லோரிக்காரன் கன்னையா பொண்டாட்டி. காப்பார்லேர்ந்து பஸ் ஏறி வந்திருக்கு. மூணு மாசமா அவனுக்கு வேலை இல்லயாம். என் புருசன் தப்பு பண்ணலண்ணே, நீங்களாவது நம்புங்கண்ணேன்னு என் கால்ல விழுந்துச்சு. எம் மகனக் கொன்னவன் பொண்டாட்டியாச்சேன்னு திரும்பிப் பாக்காம வந்துட்டேன்." அவர் குரல் உடைந்தது. "இங்க வந்து பாத்தா இப்படி."

"அப்பா" என்றாள் ரமணி, "பாலன் அத இப்பப் போய்ச் சொன்னா அவரையே உள்ள போட்டுருவாங்களா?"

"தெரியாது."

"நான் சொல்றேன் அங்கிள்" என்றான் பாலன். முகத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டான். "திங்கக்கிழமை கோர்ட்டுக்கு வந்து நானே சொல்லிடறேன்."

ராதாகிருஷ்ணன் அட்டையைச் சுருட்டத் தொடங்கியிருந்தான். பாதியில் அது நின்றது.

இராஜம்மா தரையில் கிடந்த ஊன்றுகோலை எடுத்துப் பாலன் கையில் கொடுத்தாள். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"திங்கக்கிழமை நானும் வரேன்" என்றாள் கணவரிடம்.

"நீ எதுக்கு? அங்க வந்து யாரு பக்கம் நிக்கப் போற? இவன் பக்கமா, அந்தப் பொம்பள பக்கமா? இல்ல, நம்ப புள்ள பக்கமா?"

இராஜம்மா அவரைப் பார்த்தாள். கன்னையாவின் மனைவிக்கு என்ன வயதிருக்கும், அவளுக்குப் பிள்ளைகள் உண்டா என்று கேட்க நினைத்தாள். கேட்கத் துணிவு வரவில்லை.

"தெரியலங்க" என்றாள். "வந்து பாக்கறேன்."